விதானத்தில் எழுதிய தலபுராணம்

திருவாரூரில் தியாகராசரின் திருமுகம்தான் தரிசனம். மற்றதெல்லாம் பட்டாலும் பூவாலும் மூடியிருக்கும். மார்கழித் திருவாதிரையில் ஒரு பாதம், பங்குனி உத்திரத்தில் மற்றொரு பாதம். மற்ற நாள்களில் போகிறவர் முகத்தை மட்டும் கண்டு திரும்புகிறார். இந்த மூர்த்தி எங்கிருந்து வந்தார், ஏன் ஆடுகிறார், இதே வடிவம் ஏன் இன்னும் ஆறு ஊர்களில் இருக்கிறது என்பதற்குக் கருவறையில் விடை கிடைக்காது. அதே கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் அந்த விடை முழுவதும் படமாக எழுதப்பட்டிருக்கிறது. கீழே நடந்துபோகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அண்ணாந்து பார்ப்பதில்லை.

கோயில் ஓவியம் என்றால் அலங்காரம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். தலயாத்திரைக் கோயில்களில் அதன் வேலை வேறு. கல்லும் செம்பும் ஒரு கோலத்தை நிறுத்திக் காட்டும். கதை ஓடுவதற்கு நீளமான இடம் வேண்டும். அந்த நீளம் விதானத்திலும் திருச்சுற்றுச் சுவரிலும்தான் உண்டு. "இவ்வளவு தூரம் நடந்து வந்தாயே, இந்த மண்ணில் நடந்தது இதுதான்" என்று வந்தவருக்குச் சொல்லும் பொறுப்பை அங்கே ஓவியம் ஏற்றிருக்கிறது. அதனால் ஓவியம் அழிந்த கோயிலில் தரிசனத்தின் ஒரு பகுதியே குறைந்துபோகிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே எழுதுவதெல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதுவதுதான்.

திருவாரூர் விதானம் தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஜி காலத்தைச் (1684–1712) சேர்ந்தது. எழுதியவர் சிங்காதனம் என்ற ஓவியர். தன் உருவத்தையும் பெயரையும் அதிலேயே விட்டுச் சென்றிருக்கிறார். நம் கோயில் ஓவியர்களில் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலர் என்பதால் இது பெரிய விஷயம். கதை முசுகுந்த சக்கரவர்த்தியுடையது. கயிலையில் வில்வ மரத்தடியில் சிவனும் உமையும் அமர்ந்திருக்க, மரத்தில் இருந்த குரங்கொன்று இலைகளைப் பறித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அதுவே பூசையாகி, அந்தக் குரங்கு சோழ குலத்தில் பேரரசனாகப் பிறக்கிறது. பழையதை மறக்காமலிருக்கக் குரங்கு முகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. பிறகு வலன் என்ற அசுரனோடு நடந்த போரில் இந்திரனுக்கு முசுகுந்தன் துணை நிற்கிறான். என்ன வேண்டும் என்று இந்திரன் கேட்க, திருமால் தன் மார்பில் வைத்து வணங்கிய, அவர் மூச்சோடு சேர்ந்து அசைந்தாடிய அந்த மூர்த்தியைக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் தேவதச்சனைக் கொண்டு அதே போல ஆறு வடிவங்கள் செய்து ஏழையும் வரிசையாக வைக்கிறான். முசுகுந்தன் உண்மையானதைக் கண்டுபிடித்துவிடுகிறான். ஏழும் பூமிக்கு வருகின்றன.

ஏழும் எங்கே? திருவாரூரில் வீதிவிடங்கர், திருநள்ளாற்றில் நகவிடங்கர், நாகைக் காரோணத்தில் சுந்தரவிடங்கர், திருக்காறாயிலில் ஆதிவிடங்கர், திருக்கோளிலியில் அவனிவிடங்கர், திருவாய்மூரில் நீலவிடங்கர், திருமறைக்காட்டில் புவனிவிடங்கர். இன்றைய பெயரில் சொன்னால் திருக்காரவாசல், திருக்குவளை, வேதாரண்யம் என்று பேருந்துப் பலகைகளில் இருக்கும் ஊர்கள்தாம். இதில்தான் அந்த ஓவியத்தின் முழு வேலையும் புரிகிறது. மண்டபத்தை விட்டு இறங்குகிறவருக்கு இன்னும் ஆறு ஊர்களுக்குப் போகவேண்டும் என்ற வழி தெரிந்துவிடுகிறது. பயணத்தின் நடுவில் நிறுத்தி, வந்த காரணத்தைச் சொல்லி, அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கிறது அந்த விதானம்.

பார்க்கும் முறை தெரியாவிட்டால் அது வெறும் நிறக் குவியலாகத்தான் தெரியும். கதை நீண்ட பட்டைகளாக ஓடுகிறது. செந்நிறப் பின்னணியில் உருவங்கள். பட்டைகளுக்கு இடையே தமிழில் விளக்க வரிகள். முதலில் ஒரு பட்டையைத் தேர்ந்துகொண்டு, அதில் ஊர்வலமோ சேனையோ எந்தப் பக்கம் நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கதையும் அந்தப் பக்கம்தான் ஓடும். ஒரே ஆள் ஒரே பட்டையில் மூன்று நான்கு முறை வருவார். அது மூன்று நான்கு பேர் இல்லை, அடுத்தடுத்த நிகழ்ச்சிகள். இடையில் ஒரு மரமோ தூணோ மண்டப வளைவோ வந்தால் காட்சி மாறிவிட்டது என்று பொருள். திருவாரூரில் இன்னும் எளிது: மணிமுடிக்குக் கீழே குரங்கு முகம் தெரிகிற உருவத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து போனால் போதும், கதை கைக்கு வந்துவிடும்.

விளக்க வரிகளைப் படிக்க முயன்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எழுத்து தேய்ந்தது ஒரு காரணம். அந்தக் கால எழுத்து முறை இன்னொரு காரணம். புள்ளி இருக்காது, மெய்யா உயிர்மெய்யா என்பதை நாமே நிதானிக்க வேண்டும். ஒற்றைக் கொம்புதான் உண்டு. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோல வரும். சொற்களுக்கு இடையே இடைவெளி இருக்காது. ரகர றகரங்கள் இடம் மாறியிருக்கும். பேச்சு வழக்கு அப்படியே ஏறியிருக்கும். வாயால் மெல்ல ஒலித்துப் பார்த்துக்கொண்டே படித்தால் கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். வரிகள் பெரும்பாலும் இன்னார் இன்னது செய்தது என்ற ஒரே அமைப்பில் இருப்பதால், இரண்டு வரி பழகிவிட்டால் மூன்றாவது தானே வந்துவிடும்.

கையில் எட்டு மடங்கு பெரிதாக்கும் சிறிய தொலைநோக்கி இருந்தால் விதான ஓவியம் வேறு உலகமாகிவிடும். நகை வேலைப்பாடு, வேட்டிக் கரை, வாத்தியக்காரரின் விரல்கள் வரை தெரியும். கழுத்து வலிக்கு உள்ளங்கையளவு கண்ணாடியை இடுப்புயரத்தில் பிடித்துக் குனிந்து பார்ப்பது நல்ல வழி. ஆனால் எழுத்து இடவலமாகத் தெரியும் என்பதால் வரிகளைப் படிக்க அது உதவாது. சாய்ந்த வெயில் மண்டபத்துக்குள் வரும் காலை நேரம் சிறந்தது. டார்ச் அடித்தால் ஓவியத்துக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே அடித்தால் மேலே பூசிய பழைய வார்னிஷ் பளபளத்து எல்லாம் வெளுத்துவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மண்டபம் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாமல் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதே வேலை வலம்வரும் வழியில் நடக்கிறது. கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள இருண்ட உட்சுற்றில், தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே சுந்தரர் வெள்ளை யானையில் கயிலை செல்ல, சேரமான் பெருமாள் குதிரையில் உடன்போகும் காட்சி, தில்லைக் கூத்தனை வணங்கும் அரசகுலம், வடக்கே தேரேறி நின்று முப்புரம் எரிக்கும் சிவன். நடக்கிற வரிசையே படிக்கிற வரிசை. சுவருக்கும் சுவருக்கும் இடையே சில அடிகளே இருப்பதால் எந்த ஓவியத்தையும் முழுதாக ஒரே பார்வையில் பார்க்க முடியாது. நடந்தபடியே பார்க்கத்தான் அது எழுதப்பட்டது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி இதைக் கண்டு சொல்லும்வரை மேலே இருந்த நாயக்கர் கால ஓவியம்தான் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது உதிர்ந்த இடங்களில் உள்ளிருந்து சோழர் கை வெளியே வந்தது. பின்னர் தொல்லியல் துறையினர் நாயக்கர் காலப் பூச்சைத் தனியாக உரித்தெடுத்து ஃபைபர் பலகைகளில் ஏற்றி, இரண்டையும் காப்பாற்றினார்கள். உட்சுற்றுக்குள் பொதுமக்களுக்கு இப்போது அனுமதி இல்லை. வளாகத்தில் வைத்திருக்கும் படங்களைப் பார்த்துத்தான் நிறைவடைய வேண்டியிருக்கிறது. வியர்வையும் மூச்சின் ஈரமும் அந்தக் குறுகிய இடத்தில் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் அந்தத் தடையை எதிர்க்க மாட்டார்கள்.

இன்னும் சில இடங்களைச் சொல்லிவிடுகிறேன். அழகர்கோயில் வசந்த மண்டபத்து விதானத்தில் ராமாயணம். சிதம்பரம் சிவகாமசுந்தரி சன்னதியில் பிட்சாடனரும் மோகினியும். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், இருகப்பர் 1387இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள். மதுரை ஊஞ்சல் மண்டபத்தில் மீனாட்சி திருக்கல்யாணத்தோடு ராணி மங்கம்மாளும் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் திருப்புடைமருதூர் தனி வகை: ஓவியம் கோபுரத்தின் உள்ளே, மாடம் மாடமாக ஏறிப்போகும் சுவர்களில் இருக்கிறது, நடுவில் மரத்தூண்களிலும் உத்தரங்களிலும் சிற்பம். கப்பலில் குதிரை வந்திறங்கும் காட்சிகூட அங்கே உண்டு. தாமிரபரணிக் கரைக்குப் போகிறவர்கள் தவறவிடக்கூடாத இடம்.

இவையெல்லாம் ஒரே முறையில் செய்தவை இல்லை. எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால்தான் எப்படிக் கெடுகிறது என்பது புரியும். பெரிய பிரிவு ஈரச் சாந்தில் எழுதுவது, காய்ந்த சாந்தில் எழுதுவது என்ற இரண்டு. தஞ்சைச் சோழர் ஓவியம் முதல் வகை என்பது அதை ஆராய்ந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் முடிவு. திருவாரூர் போன்ற பிற்கால ஓவியங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

இரண்டுக்கும் அடிப்படை சுண்ணாம்புச் சாந்துதான். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில் நீரிலேயே மூழ்க வைக்கவேண்டும். அவசரப்பட்டால் நீறாத சிறு கட்டிகள் உள்ளே தங்கி, சுவரில் பூசிய பிறகு ஈரம் பட்டு மெல்ல நீறி உப்பிக்கொண்டு வெடிக்கும். ஓவியத்தில் மிளகளவு பள்ளங்கள் அங்கங்கே தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். சாந்துக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் இரண்டு முதல் மூன்று பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஏறக்குறைய இரண்டு வாரம் ஊறிப் புளித்த நீரைச் சேர்த்து அரைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாந்தை இறுக்கும். வெல்லம் மெல்ல இறுகவிட்டு வெடிப்பைக் குறைக்கும். வெல்லம் கூடிப்போனால் பூஞ்சைக்கும் எறும்புக்கும் விருந்து. முதல் பூச்சு கரடாக, ஒரு செண்டிமீட்டருக்கு மேல். அது கல்லையோ செங்கல்லையோ பிடித்துக்கொள்ள வேண்டும். வழுவழுப்பான கருங்கல் விதானத்தில் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்காமல் பூசினால் பூச்சு தன் எடையிலேயே பின்னாளில் பெயர்ந்து தொங்கும். கடைசிப் பூச்சு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்: சலித்த மணல் குறைவாகவும் சுண்ணாம்பு அதிகமாகவும் சேர்த்து, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

ஈரச் சாந்தில் எழுதும்போது நிறத்தை வெறும் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ கரைத்தால் போதும், பசை வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்பு உள்வாங்கி மேற்பரப்பில் சுண்ணாம்புக்கல்லாக மாறும்போது நிறத்துகளை அந்தப் படலத்துக்குள் பூட்டிவிடுகிறது. ஆயிரம் ஆண்டு நின்றதன் ரகசியம் இதுதான். ஆனால் ஓவியருக்குக் கிடைக்கும் நேரம் அன்றைய பகல் மட்டும். அன்று முடிக்கக்கூடிய அளவுக்கே கடைசிப் பூச்சைப் பூசவேண்டும். மறுநாள் பகுதியை அதன் விளிம்பில் சேர்க்கவேண்டும். பக்கவாட்டில் ஒளி விழுந்தால் அந்த ஒட்டுக்கோடுகள் தெரியும். தவறினால் அழிக்க வழியில்லை. அந்த இடத்தையே வெட்டி மறுபடி பூசவேண்டும். நிறங்களும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவையாக இருக்கவேண்டும்: செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண், கரி, சுண்ணாம்பின் வெண்மை. செடியிலிருந்து எடுக்கும் நிறங்கள் இங்கே நிற்காது.

காய்ந்த சாந்தில் எழுதுகிறவருக்கு நேரமும் நிறமும் தாராளம். வேப்பம் பிசின் போன்ற ஏதாவது பசையில் நிறத்தைக் குழைத்து எழுதலாம், நிறுத்தலாம், அடுத்த வாரம் தொடரலாம், நகைகளில் மேலே மேலே அடுக்கலாம். நாயக்கர், மராட்டியர் கால விதானங்களில் இவ்வளவு நுணுக்கமும் கூட்டமும் வந்ததற்கு இது ஒரு காரணம். விலை என்னவென்றால், நிறம் சுவருக்குள் இல்லை, சுவர்மேல் இருக்கிறது. பசை செத்துப்போனால் நிறம் செதிலாக உரியும். ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் முகமே போய்விடும். ஆகவே ஒரு விதானம் எந்த வகை என்று தெரியாமல் யாரும் அதில் கைவைக்கக் கூடாது.

கேரளத்தில் இந்தக் கைவேலை அறாமல் தொடர்வதால் வரிசை தெளிவாகக் கிடைக்கிறது. கடைசிச் சாந்துக்கு மேல் சுண்ணாம்பை இளநீரில் கலந்து இருபத்தைந்து முறைக்குக் குறையாமல் மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். அந்த வெண்மையே வெள்ளை நிறம். தனியாக வெள்ளை தீட்டுவதில்லை. முதலில் மஞ்சள் கோட்டில் வரைவு, பிறகு மஞ்சள், சிவப்பு, பச்சை, கடைசியில் கருங்கோடு. மஞ்சளும் சிவப்பும் கல்லிலிருந்து, பச்சை அவுரி நீலத்தோடு மஞ்சள் பிசின் சேர்த்து, கருப்பு விளக்குப் புகையிலிருந்து, பசைக்கு வேப்பம் பிசின். குருவாயூரில் 1970இல் தீ விபத்தில் பழைய ஓவியங்கள் அழிந்தபின் மரபோவியர்களைக் கொண்டே புதிதாக எழுதினார்கள். 1989இல் அங்கேயே சுவரோவியப் பள்ளி தொடங்கி அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நம் பக்கம் அப்படி ஒரு பள்ளி ஒவ்வொரு பெரிய தலத்திலும் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இனி கேடுகள். முதல் எதிரி கூரை. விதான ஓவியம் கெட்டிருந்தால் கீழே நின்று ஓவியத்தைப் பார்ப்பதைவிட மேலே ஏறித் தளத்தைப் பார்ப்பதே முதல் வேலை. பழைய மண்டபத் தளங்களில் கல் பலகைக்கு மேல் செங்கல் ஜல்லிக் காரை, அதற்கு மேல் தட்டோடு என்ற தட்டையான ஓடு. தட்டோட்டு இணைப்பு விட்டுப்போனால் அரச விதையும் ஆல விதையும் வேர் விடும். அந்த வழியே இறங்கும் நீர் காரையிலுள்ள சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு கல் இடுக்கு வழியாக ஓவியத்தின் முதுகுக்கு வரும். வெயிலில் நீர் ஆவியாகும். உப்பு அங்கேயே படிகமாகும். படிகம் வளரும்போது நிறத்தை முன்னே தள்ளும். கண்ணுக்குத் தெரிவது வெள்ளைப் புகை படிந்தது போன்ற ஒரு மூட்டம், பிறகு பொடி, பிறகு வெறும் சாந்து.

இதற்குப் பெரும்பாலும் செய்கிற வைத்தியம் தளத்தின்மேல் சிமென்ட் போடுவது. அதுதான் இரண்டாவது எதிரி. சிமென்ட் வெயிலில் விரிந்து சுருங்கி முடியளவு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே நீர் உள்ளே போகும், ஆனால் சுண்ணாம்புக் காரையைப் போல மேல்நோக்கி ஆவியாகிப் போகாது. ஆக, போன நீருக்கு இருக்கும் ஒரே வழி கீழே, ஓவியத்தின் பக்கம். சிமென்ட்டிலுள்ள கரையும் உப்புகளும் கூடவே இறங்கும். கசிவு நின்றுவிட்டது என்று இரண்டு ஆண்டு மகிழ்ந்துவிட்டு ஐந்தாம் ஆண்டில் ஓவியத்தை இழந்த மண்டபங்கள் உண்டு. சரியான வழி பழைய வழிதான்: செடியை வேரோடு எடுத்து, தளர்ந்த காரையை அகற்றி, நீர் வடியும் சரிவு கொடுத்து, சுண்ணாம்புக் காரையைக் கெட்டித்து, தட்டோட்டைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, நீர்த்தாரைகளின் வாயைத் தூர்வாருவது. நீர்த்தாரையில் அடைத்துக்கொண்ட ஒரு காகக் கூட்டால் விதானத்தின் ஒரு முழுப் பட்டையும் போய்விடக்கூடும்.

விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் எண்ணெயோடு சேர்ந்து பிசுபிசுப்பான கருப்புப் படலமாகும். கழுவினால் போகும் என்று நினைத்துச் சோப்பு நீரும் சோடாவும் போட்டுத் தேய்த்தால் புகையும் போகும், ஓவியமும் போகும். வௌவால் இன்னொன்று: அதன் கழிவு காய்ந்த ஓவியத்தின் பசையை அரிக்கும், கறையும் போகாது. வலை கட்டுவதே தீர்வு. ஆனால் வலையின் ஆணியை ஓவியச் சாந்தில் அடிக்காமல் தூணைச் சுற்றிக் கட்டவேண்டும். மின்கம்பிக் குழாய், மின்விசிறிக் கொக்கி, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். விழாக் காலத்தில் வாகனங்களையும் பந்தல் மூங்கில்களையும் மண்டபத்துக்குள் அடுக்கும்போது மேல்முனை விதானத்தில் உரசும் நீண்ட கீறல்களைப் பல இடங்களில் பார்க்கலாம். கைக்கெட்டும் சுவரோவியங்களில் ஆளுயரம் வரை மட்டும் நிறம் போயிருக்கும்: திருநீறும் குங்குமமும் தடவிய கை, வெற்றிலைச் சுண்ணாம்பைத் துடைத்த விரல், பெயரைக் கீறிய சாவி.

எல்லாவற்றையும்விட ஒரே வாரத்தில் பெரிய அழிவைச் செய்யக்கூடியது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் குடமுழுக்குத் திருப்பணி. நல்லெண்ணத்தோடு நடப்பதால் யாரும் தடுப்பதில்லை. கல் தூண்களைப் புதிதாகக் காட்ட மணலை அழுத்தத்தில் பீய்ச்சியடித்தால் தூணில் ஒட்டியிருந்த பழைய நிறம் நொடியில் போகும்; கல்லின் மேல்தோலும் போகும். விதானம் "அழுக்காக" இருக்கிறதென்று வெள்ளை அடிப்பதும், நன்கொடையாளர் பெயரோடு எனாமல் பெயின்டில் புதுப் படம் தீட்டுவதும் அடுத்தது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுண்ணாம்பு வெள்ளை அடித்த ஓவியத்தைப் பொறுமையாகக் கத்தி முனையால் செதில் செதிலாக எடுத்து மீட்க முடியும். சில இடங்களில் அந்த வெள்ளையே போர்வையாக இருந்து ஓவியத்தைக் காத்ததும் உண்டு. எனாமலும் எமல்ஷனும் அடித்தால் அந்த வாய்ப்பும் போயிற்று. அவை ஓவியத்தைப் பற்றிக்கொண்டு மூச்சடைக்க வைக்கும், பின்னாலிருந்து உப்பு தள்ளும்போது இரண்டும் சேர்ந்தே விழும்.

முறையாகச் செய்யும்போது வேலையின் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு பகுதியையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்துக் கேடுகளைக் குறிப்பது முதல் படி. பிறகு விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள்: ஒட்டியிருக்கும் சாந்து கெட்டியாகவும், பிரிந்தது பொள்ளலாகவும் ஒலிக்கும். பிரிந்த இடத்தின் மேல் மெல்லிய காகிதம் ஒட்டித் தாங்கிக்கொண்டு, சிறு துளை வழியே ஊசியால் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி, பஞ்சு வைத்த பலகையால் அழுத்திப் பிடிக்கவேண்டும். அது நின்ற பிறகே சுத்தம் செய்யும் பேச்சு. அதிலும் முதலில் இரண்டு செண்டிமீட்டர் சதுரத்தில் சோதனை: மென்தூரிகை, பிறகு பஞ்சில் தொட்ட கரைப்பான். பஞ்சில் கருப்போ பழுப்போ வந்தால் புகையும் வார்னிஷும். சிவப்போ பச்சையோ வந்தால் உடனே நிறுத்தவேண்டும். நிறம் போன இடத்தைச் சுற்றுப்புற நிறத்தோடு ஒத்துப்போகும் மங்கலான சாந்தால் ஒரு மயிரிழை தாழ்வாக நிரப்பினால் போதும். இல்லாத முகத்தை ஊகித்து வரைந்து சேர்க்கக் கூடாது. திருவாரூர் விதானத்தில் இன்டாக் என்ற மரபுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பின் வல்லுநர்கள் பணி செய்ததால்தான் இன்று முசுகுந்தனை நாம் இவ்வளவு தெளிவாகப் பார்க்கிறோம்.

"நாயக்கர் சோழர்மேல் எழுதவில்லையா, நாம் எழுதினால் என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வழிபாடு நடக்கும் கோயில் அருங்காட்சியகம் ஆகிவிடக் கூடாது என்ற எண்ணமும் எனக்கு உண்டு. ஆனால் நாயக்கர் எழுதியது சுண்ணாம்பின்மேல் சுண்ணாம்பு. அதனால்தான் பிரித்தெடுக்க முடிந்தது. புதிதாக எழுத ஆசையுள்ள ஊருக்கு வெற்றுச் சுவர்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே சுண்ணாம்புச் சாந்திட்டு, மரபு தெரிந்த ஓவியரை அழைத்து, கீழே தமிழில் விளக்க வரி எழுதி, தலக்கதையைப் புதிதாகச் சொல்லட்டும். அந்தச் செலவுக்கு நன்கொடை கேட்டால் முதலில் கொடுக்கிறவன் நானாக இருப்பேன்.

உங்கள் ஊர்க் கோயிலில் ஓவியம் இருந்து, திருப்பணிக்கு நாள் குறிக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால், பாலாலயத்துக்கு (திருப்பணி முடியும்வரை மூர்த்தியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்யும் சடங்கு) முன்பே வேலையைத் தொடங்குங்கள். கிழக்கு ஓரத் தூணை ஒன்று என்று வைத்து எண்ணிட்டு, இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள ஒவ்வொரு விதானக் கட்டத்தையும் நேர்கீழே நின்று ஒரு படம், விளக்க வரிகளுக்குத் தனிப் படம் என்று எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். செயல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். நகலை அறநிலையத் துறை இணை ஆணையருக்கும், தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். திருப்பணி மதிப்பீடுகளை மண்டல, மாநில அளவிலான வல்லுநர் குழுக்கள் பார்த்துத்தான் ஒப்புதல் தருகின்றன. எந்த மண்டபத்தில் எந்தக் கட்டத்தில் ஓவியம் இருக்கிறது என்பது அந்தக் கோப்பில் இல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கடிதத்தில் மூன்று கோரிக்கை போதும்: ஓவிய மண்டபத்தில் மணல் பீய்ச்சலும் பெயின்டும் கூடாது, தளத்தைச் சுண்ணாம்பால் மட்டும் பழுதுபார்க்க வேண்டும், ஓவியத்தில் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் தவிர வேறு யாரும் கைவைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அதே தூண்களுக்கு நடுவே அதே இடத்தில் நின்று மறுபடி படமெடுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கட்டத்துக்கு மேலே தளம் ஒழுகுகிறது என்பது தெரிந்துவிடும்; அந்தத் தூண் எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த கடிதத்தை எழுதலாம்.